பெயின்ட் டப்பா எலுமிச்சை

ஊத்தவா, வேணாமா. செம்பு என் கையில இருக்கு, தண்ணி செம்புல இருக்கு, எலுமிச்சை பெயின்ட் டப்பாவுக்குள்ள இருக்கு, என் புத்தி மட்டும் எங்கிட்டுப் போச்சுன்னு தெரியல. மொட்டமாடியில குத்தவச்சு உக்காந்து காலு மரத்துப்போச்சு. வெயில் இறங்கிருச்சு, தரை இன்னும் இறங்கல, தோசைக்கல்லு மாதிரி கெடக்கு. இந்தா, இன்னொரு எலை. நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே விழுகுது. காத்து அடிச்சு விழுந்தாலும் சரிங்கலாம், காத்தே இல்ல, அதுவா யோசிச்சு முடிவு பண்ணி விழுகுது. காய் மஞ்சளாகணும், அதுதான் ஒன் வேலை, எலை எதுக்குடா மஞ்சளாகுற, யாரக் கேட்டு ஆகுற. நேத்து வரைக்கும் பூ இருந்துச்சு, மிளகு தண்டிக்கு ஒரு பிஞ்சுகூட இருந்துச்சு. இன்னைக்குக் காலையில வந்து பாத்தா பிஞ்சு மண்ணுல கெடக்கு. எங்க வீட்டுக்காரரு கண்ணுல படக்கூடாதேன்னு அத எடுத்து மணிபர்சுல போட்டுக்கிட்டு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போயிட்டேன். சேலை விரிக்கிறேன், மடிக்கிறேன், விரிக்கிறேன், புத்தி பூரா பர்சுக்குள்ள. ஒரு அம்மா எலுமிச்சை மஞ்சள்ல காட்டுன்னு கேட்டுச்சு, நான் பச்சையை எடுத்து விரிச்சேன். மதியம் மேனேஜர்ட்ட தலவலின்னு சொன்னேன். அவரு மூக்கால பேசுவாரு, என்னம்மா அன்னக்கொடி, முகூர்த்த மாசத்துல மட்டும் ஒனக்குத் தலை எப்பிடிம்மா வலிக்குதுன்னு கேட்டாரு. நானும் மூக்காலயே, தெரியலையே சார்னேன். கூட இருந்த பிள்ளைக சேலைக்குள்ள மொகத்தப் பொதைச்சிக்கிட்டு சிரிச்சாய்ங்க. நான் வேணும்னு செய்யல. யாருகூடப் பேசுறனோ அவுக தொண்டை எனக்கு வந்துருது, சின்னதுல இருந்து அப்பிடித்தான், எட்டாப்புல கணக்கு டீச்சர் மாதிரியே கணக்கு டீச்சருக்குப் பதில் சொல்லி வெளிய நின்னவ நான். அப்பறம் உள்ள போகவே இல்ல.

எங்க வீட்டுக்காரரு எக்சர்சைஸ் முடிச்சு வர லைட்டுப் போடுற நேரம் ஆகும். எந்தம்பி முத்துக்காளை வண்டியில கூட்டிட்டுப் போயிருக்கான். அதுக்குள்ள இந்த எலுமிச்சையை ஏதாவது பண்ணணும். என்னத்தப் பண்ண. ஊத்தவா. தாகத்துல வாடுதுன்னா ஊத்தணும். ஆனா காலையிலதான ஊத்துனேன். ஊத்தியும் வாடுதுன்னா பத்தலைன்னுதான அர்த்தம். பத்தலைன்னு போன வாரம் ரெண்டு செம்பாக்குனேன், அதுக்கப்பறம்தான் இன்னும் மோசம். அப்பிடின்னா வேணாம். வேணாம்னு விட்டு, நாளைக்குக் குச்சியா நின்னா? இம்புட்டு நாளு மஞ்ச எலையை விடியுமுன்ன கிள்ளி மறைச்சிட்டேன், குச்சிய எங்கிட்டு மறைக்க. அவரு வந்து பாப்பாரு. பாத்துட்டு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, அதுதான் பயம். திட்டுனா நானும் திட்டுவேன், அவரு தொண்டையிலயே திட்டுவேன், சரியாப்போகும். ஒண்ணும் சொல்லாம கீழ இறங்கிப் போயி சுவத்தப் பாத்துப் படுத்துக்குவாரு. தக்காளிக்கு அப்பிடித்தான் ஆச்சு. எங்க வீட்டுக்காரரு டிரைவர் தவமணின்னா மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல கேட்டுப்பாருங்க, அவரு ஸ்டியரிங்கப் புடிச்சா பஸ்ஸுக்குள்ள கைப்பிள்ளை முழிக்காது. அந்த மனுசனுக்கு ஒருநா காலையில பல்லு வெளக்கும்போது எடது பக்கம் இழுத்துருச்சு. காலு வந்துருச்சு, வாய் வந்துருச்சு, கைதான். கியர் போடுற கை. கழுத்துல தொங்கவிட்ட துண்டு மாதிரி ஆடிக்கிட்டு கெடந்துச்சு. அந்த நேரத்துல ஒருநா ரோட்டோரம் செடி விக்கிறவன்கிட்ட இந்த எலுமிச்சையை அவராவே கேட்டு வாங்குனாரு. எதுக்குங்க, கடையில வாங்குனா ரசத்துக்கு ஆகாதான்னு கேலி பண்ணேன். ரசத்துக்கு இல்லடி, டயருக்குன்னாரு. மறுபடி பஸ் எடுக்கிற அன்னைக்கு இந்தச் செடியில காய்ச்ச மொத பழத்த முன் டயருக்கு வச்சு ஏத்திட்டுத்தான் கெளம்புவாராம். அதுவரைக்கும் கடைப் பழம் எதுக்கும் டயருக்குக் கீழ வேலை இல்லையாம். வாய் கோணிக்கிட்டு சொன்னாரு, ஆனா சொன்னாரு. படுத்ததுக்கு அப்பறம் அவரு வாயில இருந்து வந்த மொத நல்ல வார்த்தை அது. அந்த டயருக்குப் போக வேண்டிய பிஞ்சுதான் இப்ப என் பர்சுக்குள்ள கெடக்கு, பஸ் டிக்கெட்டோட டிக்கெட்டா.

பிசியோ பொண்ணு பெனிட்டா சரியான கெட்டி. சின்னப் பிள்ளைதான், பல்லுல கம்பி போட்டுருக்கு, ஆனா மாமனார அதட்டுற மாதிரி அதட்டும். பந்தை அமுக்குங்க, அமுக்குங்க, அங்கிள், நீங்க அமுக்கல, பந்துதான் உங்கள அமுக்குதுன்னு. அது எப்பிடிச் சொல்லுமோ அப்பிடியே நான் வீட்டுல சொல்லிக்காட்டுவேன், அவருக்கு ஒரு ஓரமா சிரிப்பு வரும். அதுதான் சொல்லுச்சு, தண்ணி ஊத்துறதுக்கு எடது கைதான், வலது கை பாக்கெட்டுல இருக்கணும், செடிதான் உங்க டாக்டர்னு. சரின்னு தக்காளி வச்சோம், கத்திரி வச்சோம், புதினா வச்சோம். மொத நாளு செம்பைத் தூக்கினாரு பாருங்க. கைக்குள்ள செம்பு கெடந்து தந்தியடிச்சுச்சு. தண்ணி கால்ல, லுங்கியில, சுவத்துல, பக்கத்துல நின்ன என் மேல. செடிக்குப் போனது துப்புன அளவுதான். போகப்போகச் சரியாகும்னு பாத்தா வெயில் யாருக்குக் காத்திருக்கு. நாலஞ்சு நாள்ல தக்காளி தலையத் தொங்கப் போட்டுருச்சு. அவரு பாத்தாரு. செம்பைக் கீழ போட்டாரு, அது படியில உருண்டு உருண்டு கீழ போச்சு, அவரும் கீழ போனாரு, சுவரு. அதுக்கப்பறம் பந்தும் அமுக்கல, சோறும் சரியா இறங்கல. அன்னைக்குத்தான் ஆரம்பிச்சேன். மாத்திரை போட்டு அவரு அசந்து தூங்குற நேரம், விடியறதுக்கு முன்ன, பூனை மாதிரி மேல ஏறி வந்து எல்லாத்துக்கும் நான் ஒரு செம்பு ஊத்திருவேன். தக்காளி தலையத் தூக்கிருச்சு. சாயங்காலம் அவரு வந்து துப்புன அளவு ஊத்துவாரு, செடி நல்லாருக்கும். பாத்தியாடி, கையி வேலை செய்யுதுன்னாரு. ஆமாங்க, வேலை செய்யுதுன்னேன். இத எந்தத் தொண்டையில சொன்னேன்னு தெரியல, என் தொண்டைதானான்னு இப்ப நெனச்சா சந்தேகமா இருக்கு. அன்னையில இருந்து தெனமும். அவரு தெனமும் படியேறுறாரு, மீசையை ஒதுக்குறாரு, பக்கத்து மாடிக்காரரோட பஸ் கதை பேசுறாராம். நான் பாத்ததில்ல. எனக்குக் கடை, வீடு வந்து சேர ராத்திரி ஆகிரும். வந்ததும் அவரு சட்டைப் பொத்தானக் கழட்டி, தட்டுல போட்டுக் குடுத்து, தம்ளர எடுக்கக் கை நீட்டுனா நானே எடுத்துக் குடுத்து, படுக்க வச்சு. நல்லாத்தான போய்க்கிட்டு இருந்துச்சு. இந்த எலுமிச்சைக்கு மட்டும் என்ன வந்துச்சு.

வீட்டுக்காரம்மா ஜெகதாக்கா சொல்லிருச்சு, புளிச்ச மோருன்னு. ஏத்தா, எலுமிச்சைக்கு மோரு ஊத்துனா பொம்பளைப் பிள்ளை சடங்கான மாதிரி தளதளன்னு வந்துரும்த்தான்னு கன்னத்துல கையி வச்சுக்கிட்டு சொல்லும். ஊத்துனேன். மாடி பூரா பால்பண்ணை வாடை, எறும்பு வந்துச்சு. எறும்புக்கு மஞ்சத்தூள் போடுன்னுச்சு, போட்டேன், எறும்பு மஞ்சளாப் போச்சு, போகல. கடையில பிளவுஸ் பிரிவு ஜெசிந்தா வேற மாதிரி. கண்ணு பட்டுருக்கும்க்கா, பூத்த செடிய வெளிய வச்சா ஊருக்கண்ணு பூரா அதுமேலதான், உள்ள கொண்டுபோயி வைங்கன்னா, காதோட காதா, ஏதோ அரசாங்க ரகசியம் மாதிரி. பூவுக்குக் கண்ணு படும்னு மட்டும் அவருகிட்ட சொல்லிட்டு எந்தம்பியும் நானும் தூக்கிட்டுப் போயி டிவிக்குப் பக்கத்துல வச்சோம். அங்க ஏற்கனவே ஆர்லிக்ஸ் பாட்டில்ல மணி பிளான்ட்டு இருக்கு, அது வெளிச்சமே இல்லாம எதைத் தின்னு வளருதோ, கரண்டு வயரைச் சுத்திக்கிட்டு ஜம்முன்னு போகுது. அதப் பாத்தாவது இதுக்குப் புத்தி வரட்டும்னேன். வரல. எலை எல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு, கோவிச்சுக்கிட்டு பொறந்த வீட்டப் பாக்குற பொண்டாட்டி மாதிரி. போனுல ஒருத்தரு வருவாரு, வணக்கம் நண்பர்களே, இன்னைக்கு நம்ம மாடித்தோட்டத்துல அப்பிடின்னு, அவரு சொல்றாரு முட்டை ஓடு, டீத்தூள், வாழப்பழத் தோலு, வெங்காயச் சருகு. எல்லாத்தையும் போட்டேன். எங்க வீட்டுக் குப்பைத் தொட்டி காலி, எலுமிச்சை டப்பா ரொம்பிருச்சு. அப்பறம் நர்சரிக்காரரு. அவரு ரோஜாச் செடிக்கு நடுவுல நின்னுக்கிட்டு பேசுறதே வெடுக்குன்னு இருக்கும். உள்ள வச்சா எலுமிச்சை பொழைக்குமா, அதுக்கு வெயிலுதாம்மா சோறு, மணி பிளான்ட்டுக்கு நெழலு, எலுமிச்சைக்கு வெயிலு, மாத்தி வச்சா ரெண்டும் போகும், வெளிய எடுங்கன்னாரு. மறுபடி தூக்குனோம். எந்தம்பி கேட்டான், யக்கா, இத ஒவ்வொரு ஆசுபத்திரியா தூக்கிட்டு அலையுறமே, செத்தா நம்மதான கேஸ்ல மாட்டுவோம்னு. நர்சரிக்காரரு அதோட விடல. யாரு தண்ணி ஊத்துறதுன்னாரு. எங்க வீட்டுக்காரருன்னேன். எவ்வளவுன்னாரு. சும்மா கொஞ்சம்னேன். கொஞ்சம்னா எவ்வளவும்மா, தெனமுமா, மண்ணு காஞ்சு ஊத்துறாரா, காயாம ஊத்துறாராங்கிறாரு. அதுக்கு மேல என்னத்தச் சொல்ல. நானும் ஊத்துறேன்னு சொன்னா, அவரு என்னைக்காவது இந்தப் பக்கம் வந்து எங்க வீட்டுக்காரர்ட்ட ஒளறிட்டாருன்னா? அவரு தொண்டையை மட்டும் வாங்கிக்கிட்டு, ஆளை அங்கயே விட்டுட்டு வந்துட்டேன். இப்ப எல்லாரும் என் மண்டைக்குள்ள உக்காந்துருக்காய்ங்க. மோரு ஊத்துத்தா. உள்ள வைங்கக்கா. வணக்கம் நண்பர்களே. வெளிய எடும்மா. சந்தக்கடை. என் குரல் எதுன்னு தேடுனா கெடைக்க மாட்டேங்குது, ஊத்தவா வேணாமான்னு கேக்குற ஒரு குரல் இருக்குல்ல, அது வேணா எனக்குச் சொந்தமா இருக்கலாம், அதுகூட லேசா மூக்கால வருது.

அவரு இன்னொண்ணும் சொன்னாரு, நர்சரிக்காரரு. வெரலை விட்டுப் பாருங்கன்னாரு. மேல மண்ணு காஞ்சிருக்கும், ஏமாந்துராதீங்க, ரெண்டு கணு அளவு வெரலை உள்ள விட்டு, மண்ணு ஒட்டுச்சுன்னா ஊத்தாதீங்க, உதிர்ந்துச்சுன்னா ஊத்துங்க, செடி வாயத் தொறந்து கேக்காது, மண்ணுதான் பேசும்னு. எல்லாத்தையும் செஞ்சவ இத மட்டும் செய்யல பாருங்க. மோரு வாங்கத் தெரிஞ்சவளுக்கு வெரலு எங்க இருக்குன்னு தெரியல. வெங்காயச் சருகை ஒதுக்கிட்டு விடுறேன். மேல பொறுபொறுன்னு இருக்கு. உள்ள, அடியாத்தீ, உள்ள சேறு. சில்லுன்னு, கொழகொழன்னு, வெரலைப் பிடிச்சு இழுக்குது. வெளிய எடுத்து மோந்து பாத்தா சாக்கடை வாடை. இம்புட்டுத் தண்ணி ஏது? நான் ஊத்துறது ஒரு செம்பு, போன வாரத்துல இருந்து ரெண்டு. அவரு ஊத்துறது துப்புன அளவு. இந்த வெயிலுக்கு அது சாயங்காலத்துக்குள்ள காஞ்சிரணும். மழையா, மழையைப் பாத்தே மாசக்கணக்காச்சு. ஜெகதாக்கா, அதுவேதான், மோரு சரியா வேலை செய்யுதான்னு பாக்க மதியம் மாடிக்கு வந்து நைசா ஊத்திருக்கும். அதுக்கு மூட்டு வலி, ரெண்டு படி ஏறுனாலே தெருவுக்கே கேக்குற மாதிரி முருகா முருகாங்கும், அது எங்க நைசா வர. தண்ணித் தொட்டி நெறஞ்சு வழியுதோ? எந்திரிச்சுப் போயி பாத்தேன், காலு மரத்து நொண்டிக்கிட்டே, வழியல, அடியில தரை காஞ்சு கெடக்கு. டப்பா அடியில ஓட்டை அடைச்சிருக்கோ? சாய்ச்சுப் பாத்தா நாலு ஓட்டையும் தொறந்துதான் இருக்கு, கருப்பா சொட்டுது. தண்ணி வெளிய போயும் இம்புட்டுச் சேறுன்னா உள்ள எம்புட்டு வந்துருக்கணும். கத்திரிக்கு வெரலை விட்டேன், ஈரம். புதினாவுக்கு விட்டேன், ஈரம், அதுகளுக்கு ஈரம் பிடிக்கும் போல, தின்னுட்டு நல்லாருக்கு. எலுமிச்சைக்குத்தான் ஆகல. யாரோ ஊத்துறாக. எங்களத் தவிர யாரோ ஒரு ஆளு எங்க மாடிக்கு வந்து தெனமும் ஊத்திட்டுப் போறாக. நெனச்சதும் திரும்பிப் படியை ஒரு தடவை பாத்துக்கிட்டேன். பேயா. பேய்க்கு என்ன தலையெழுத்தா எங்க வீட்டுக் கத்திரிக்குத் தண்ணி ஊத்த. பேசாம நர்சரியில இதே உசரத்துல ஒரு எலுமிச்சை நிக்குது, அத வாங்கி இதுல நட்டுட்டா? எல்லாரு மாதிரியும் பேசுறவளுக்கு ஒரு செடி மாதிரி ஒரு செடி வைக்கத் தெரியாதா. ஆனா அவரு இதோட ஒவ்வொரு முள்ளையும் எண்ணி வச்சிருப்பாரே. அதுவும் இல்லாம அதோட பழத்த டயருக்கு வச்சா அது என்ன கணக்கு. வேணாம். அப்ப என்னதான் வேணும். சேத்தை எடுத்துட்டு அழுகுன வேரை வெட்டி, செம்மண்ணும் ஆத்து மணலுமா கலந்து போட்டு, காயிற வரைக்கும் ஒரு சொட்டு ஊத்தாம வைக்கணும், இதுவும் அந்த நர்சரிக்காரரு யாருக்கோ சொன்னதுதான், காதுல விழுந்துச்சு. ஊத்தாம வைக்கணும்னா அவரையும் ஊத்த வேணாம்னு சொல்லணும். ஊத்தாதீங்கன்னு சொன்னா அவரு என்ன நெனப்பாரு. என் கையி ஊத்தி செத்துப்போச்சுன்னு நெனப்பாரு. அவரு கையி ஊத்தாததால சாகப்போகுதுன்னு நெனச்சுத்தான நான் ஊத்த வந்தேன், இப்ப ஊத்தி சாகுதுன்னு

படியில சத்தம். செருப்பு. முத்துக்காளை சத்தம் கீழயே நின்னுருச்சு, வர்றேன் மாமான்னு வண்டியத் திருப்புறான். இம்புட்டுச் சீக்கிரமா. நான் வீட்டுல இருக்கேன்னு இவருக்குத் தெரியாது, கடையில சேலை மடிச்சுக்கிட்டு இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. கையில செம்பு வேற. என்னன்னு சொல்றது, மேனேஜர் மாதிரி சொல்லவா, பெனிட்டா மாதிரி சொல்லவா. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி போயி ஒடுங்கிட்டேன், இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு. தொட்டிக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு சந்து, பல்லி வாடை, அந்தச் சந்து வழியா பாக்குறேன். மேல வந்தாரு. சட்டை நனைஞ்சிருக்கு வேர்வையில. நேரா குழாய்க்கு வந்து வாளியை வச்சுத் தொறந்து விட்டாரு. எனக்கும் அவருக்கும் நடுவுல தொட்டிதான். தண்ணி விழுகுற சத்தம். செம்பத் தேடுறாரு. அங்கிட்டுப் பாக்குறாரு, இங்கிட்டுப் பாக்குறாரு, புதினாவுக்குப் பின்னாடி பாக்குறாரு. எங்க வச்சாளோன்னு தனக்குத்தானே பேசுறாரு. செம்பு என் மடியில இருக்கு. குழாயை அடைச்சாரு. வாளியில முக்காவாசி தண்ணி. வலது கையை, நான் பாத்துக்கிட்டே இருக்கேன், வலது கையைப் பெனிட்டா சொன்ன மாதிரி பேன்ட் பைக்குள்ள விட்டாரு. எடது கையால வாளியோட பிடியப் புடிச்சாரு. புடிக்காதீங்க, விழுந்துரும், காலுல விழுந்துரும்னு தொண்டை வரைக்கும் வந்துருச்சு. தூக்குனாரு. வாளி வந்துச்சு. ஆடல. அவரு பாட்டுக்கு நடக்குறாரு, வாளி தொடையில லேசா இடிக்க, சந்தைக்குப் போயிட்டு வர்ற ஆளு மாதிரி. கத்திரிக்குச் சாய்ச்சாரு. அளவா, ஒரு சொட்டு வெளிய போகாம. தக்காளிக்குச் சாய்ச்சாரு. இவரு இத இன்னைக்கு மொத தடவையா செய்யல. மொத தடவை செய்யுற மொகமா அது. கண்டக்டர்ட்ட ரைட் வாங்கிட்டுக் கெளம்புற மொகம். எத்தனை மாசமா? நான் கைய நீட்டவிடாம தம்ளர எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்த மாசம் பூராவா? பொத்தான் கழட்டி விட்டுக்கிட்டு இருந்த மாசம் பூராவா? சொல்லவே இல்லையே இந்த மனுசன். எங்க சொல்ல, நான்தான் ஒவ்வொருத்தர் தொண்டையிலயும் மாறி மாறிப் பேசிக்கிட்டே இருந்தேனே. காலையில நானு ரெண்டு செம்பு, சாயங்காலம் இவரு. நெறையா. நெறையா ஊத்திருக்காரு. பேயும் இல்ல ஜெகதாக்காவும் இல்ல. பாவம் அந்தச் செடி, ரெண்டு பேரு பாசத்தையும் ஒத்தைக் காலுல நின்னு வாங்கியிருக்கு. எனக்குச் சிரிப்பு வருதா அழுகை வருதா தெரியல, ரெண்டும் மூக்குல வந்து முட்டுது. அழுகுதுடா எலுமிச்சை, நல்லா அழுகுது, அந்தக் கை நல்லாருக்குன்னு அழுகுது. இப்ப அதுகிட்டதான் போறாரு. எலையைப் பாத்துட்டாரு. நின்னுட்டாரு. மொகம் மாறுது, எனக்குத் தெரியும் அந்த மொகம், அடுத்தது சுவரு. குனிஞ்சு ஒரு மஞ்ச எலையை எடுத்துப் பாத்தாரு, பையில இருந்து வலது கையை எடுத்து. அப்பவும் எடது கை வாளியை விடல. தாகம்னு நெனச்சுட்டாரு போல, வாளியை உசத்திச் சாய்க்கப் போறாரு.

"ஊத்தாதீங்க."

தொட்டிக்குப் பின்னாடி இருந்து வெளிய வந்துட்டேன், தலையில ஒட்டடையோட. அவரு திடுக்குன்னு திரும்புறாரு. வாளி அப்பிடியே அந்தரத்துல நிக்குது, தண்ணிதான் உள்ள லேசா அலையுது.

"கடைக்குப் போகலையா நீ? இங்க என்ன பண்ற?"

வாயத் தொறந்தேன். மேனேஜர் வரல, ஜெகதாக்கா வரல, பெனிட்டா வரல. ஒருத்தரும் வரல. சொல்ல வேண்டியது அம்புட்டு இருக்கு, காலையில ஏறி வந்தது, ரெண்டு செம்பு, பர்சுக்குள்ள பிஞ்சு, வேரை வெட்டணும், செம்மண்ணு வாங்கணும், எல்லாம் ஒண்ணா வந்து வாசல்ல முட்டிக்கிட்டு நிக்குது. அவரு என் கையில இருக்கிற செம்பைப் பாத்தாரு. எலுமிச்சையைப் பாத்தாரு. மறுபடி செம்பைப் பாத்தாரு. அவருக்குப் புரிஞ்சுச்சா, புரியலையா, எனக்குத் தெரியல. வாளியைத் தரையில வைக்கக் குனிஞ்சாரு.

"எறக்காதீங்க. அப்பிடியே புடிச்சுக்கிட்டு நில்லுங்க."

"எதுக்குடி?"

"நில்லுங்க. நான் பாக்கணும்."

நின்னாரு. கீழ தெருவுல லைட்டுப் போட்டுட்டாய்ங்க. கையோட நரம்பு பொடைச்சிருக்கு, முழங்கை லேசா நடுங்குது, ஆனா வெரலு அஞ்சும் பிடியச் சுத்தி இருக்கு.

"கனக்குதுடி."

"கனக்கட்டும்ங்க."